மைசூர் நடுநகரின் ஊண்கடைகள்

ஓர் ஊரின் வரலாற்றைக் கோட்டை கொத்தளங்களிலும் கல்வெட்டுகளிலும் தேடுவது அறிஞர் வழக்கம். அவ்வழக்கம் நன்றே. ஆயினும் கோட்டை அரசர் வாழ்ந்ததைச் சொல்லும். கல்வெட்டு அவர் கொடுத்ததைச் சொல்லும். குடிமக்கள் எங்ஙனம் வாழ்ந்தனர், யாரோடு யார் கூடினர் என்பதை அறிய வேண்டின், அவ்வூரின் அங்காடிக்கும் அடுப்படிக்கும் செல்லுதல் வேண்டும்.

பிழைப்பின் பொருட்டு மைசூருக்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பத்தினராகிய நாம், ஊரிலிருந்து உறவினர் வந்தால் அரண்மனையைக் காட்டுகிறோம். சாமுண்டி மலைக்கு அழைத்துச் செல்கிறோம். பிருந்தாவனத்து விளக்குகளைக் கண்டு மகிழ்கிறோம். திரும்பும் வழியில், பசித்த வேளையில், கண்ணில் பட்ட ஹோட்டலில் நுழைந்து எதையோ உண்டு வெளியேறுகிறோம். அந்த ஹோட்டலுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதையோ, அவ்வரலாற்றில் நமக்கும் ஓர் இடம் உண்டு என்பதையோ எண்ணிப் பார்ப்பதில்லை. அக்குறையைச் சிறிதேனும் போக்கும் பொருட்டே இக்கட்டுரையை ஆண்டு விழா மலரில் எழுதத் துணிந்தோம். பெரும்புலமை நமக்கில்லை, நாள்தோறும் புகைவண்டி நிலையத்திற்கும் வீட்டிற்கும் இடையே நடந்து பழகிய கால்களும், கேட்டும் படித்தும் அறிந்த செய்திகளுமே நம் கைமுதல்.

சோறு விற்ற பழமை

சோற்றை விலைக்கு விற்பது வெள்ளையர் காலத்தில் வந்த புது வழக்கம் என்று கருதுவார் உளர். நம் முன்னோர் நூல்கள் வேறு சொல்கின்றன. சிலப்பதிகாரம் புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தை வருணிக்குமிடத்துப் பிட்டு விற்போரைக் காழியர் என்றும், அப்பம் விற்போரைக் கூவியர் என்றும் பெயர் சுட்டுகிறது. மதுரைக்காஞ்சி மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும், அதாவது பகற்கடைத் தெருவையும் இராக்கடைத் தெருவையும் விரித்துரைக்கிறது. பல நாட்டு மக்களும் கலந்து வாழும் பட்டினத்தில், வீடும் அடுப்பும் இல்லாதவனுக்கு அங்காடியே தாய்வீடு என்பது அக்காலத்திலேயே தெரிந்த உண்மை.

ஆனால் ஊர்ப்புறங்களில் நிலைமை வேறு. அங்கே வழிப்போக்கனுக்குச் சத்திரமும் சாவடியும் இருந்தன. சத்திரத்தில் சோறு உண்டு, விலை இல்லை. விலை இல்லாமையால் அது அறம் எனப்பட்டது. எனினும் அந்த அறத்திற்கும் வாயிற்காப்போன் ஒருவன் இருந்தான். இன்ன சாதியார்க்கே இவ்விடம் என்று எழுதிவைத்த சத்திரங்கள் பல. பணம் கொடுத்து உண்ணும் ஹோட்டல் வந்த பிறகே, 'நீ யார்?' என்ற வினா மெல்ல மெல்லத் தேய்ந்து, 'உனக்கு என்ன வேண்டும்?' என்ற வினா அவ்விடத்தில் வந்தமர்ந்தது. அது எளிதில் வந்துவிடவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

நடுநகரின் அமைப்பு

முதற்கண் மைசூர் நடுநகர் எவ்வாறு உருவாயிற்று என்பதைச் சுருங்கக் காண்போம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திப்பு சுல்தான் பழைய மைசூர்க் கோட்டையை இடித்து, அக்கற்களைக் கொண்டு கிழக்கே நஜராபாத் என்னும் புதிய கோட்டையை எழுப்பத் தொடங்கினார். 1799இல் அவர் வீழ்ந்த பின், உடையார் குலத்து இளவரசருக்கு மைசூரில் முடிசூட்டப்பட்டது. கற்கள் திரும்பி வந்தன. கோட்டையும் மீண்டும் எழுந்தது. இன்று நாம் காணும் அரண்மனை, 1897இல் பழைய மரமாளிகை தீக்கிரையான பின்னர், ஹென்றி இர்வின் என்னும் கட்டடக் கலைஞரின் வரைபடப்படி 1912இல் நிறைவுற்றதாகும்.

பெங்களூரிலிருந்து மைசூருக்கு இருப்புப்பாதை 1882இல் வந்து சேர்ந்தது. அதன் பின் நகரம் மேற்கும் வடக்கும் விரிந்தது. தமிழரான திவான் ரங்காசார்லுவின் நினைவாக 1884இல் நகர மண்டபம் எழுந்தது. அவர் செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்தவர் என்பதை நம் பிள்ளைகள் அறிதல் நன்று. டஃபரின் பிரபுவின் வருகையை நினைவூட்டச் சின்னக் கடிகாரக் கோபுரம் வந்தது. அதனை அடுத்து, 17ஆம் நூற்றாண்டில் ஆண்ட தேவராஜ உடையாரின் பெயர் தாங்கிய தேவராஜ மார்க்கெட் சயாஜிராவ் சாலையோரமாக நீண்டு கிடக்கிறது. நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சி வெள்ளி விழாவையொட்டி 1927இல் அரண்மனை ஊழியர்கள் பொருள் திரட்டி எழுப்பிய பெரிய கடிகாரக் கோபுரம், கன்னட எண்கள் பொறித்த முகத்தோடு நகர மண்டபத்தின் அருகே நிற்கிறது.

இவ்விரு கடிகாரங்களுக்கும் இடைப்பட்ட நிலமும், அதனைச் சுற்றிய காந்தி சதுக்கம், அசோகா சாலை, தன்வந்திரி சாலை, மண்டி மொஹல்லா ஆகிய பகுதிகளுமே நாம் நடுநகர் என்று இங்குக் குறிப்பது. ஒரு மணி நேரத்தில் நடந்து முடிக்கலாம். உண்டு முடிக்கப் பல நாட்கள் வேண்டும்.

மடைப்பள்ளியிலிருந்து தெருவிற்கு

முதலில் இனிப்பு. தேவராஜ மார்க்கெட்டை ஒட்டிச் சயாஜிராவ் சாலையில் குரு ஸ்வீட் மார்ட் என்னும் சிறு கடை உள்ளது. கடை சிறிது, அதன் கீர்த்தி பெரிது. நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் மடைப்பள்ளியில் தலைமைச் சமையற்காரராக இருந்த காகாசுர மாதப்பா என்பவரே மைசூர்ப் பாகை முதன்முதல் செய்தார் என்பதும், அரசர் சுவைத்து வியந்து 'இதன் பெயர் யாது?' என வினவ, அவர் 'மைசூர்ப் பாகு' என்று விடை பகர்ந்தார் என்பதும் அக்குடும்பத்தார் கூறிவரும் வரலாறு. அவர் வழிவந்தோரே அக்கடையை நடத்துகின்றனர்.

பொருள் மூன்றே: கடலை மாவு, சர்க்கரை, நெய். ஆனால் பக்குவம் கைவந்தாலன்றி வராது. சர்க்கரைப் பாகு கம்பிப் பதம் எய்தியதும் மாவைத் தூவிக் கிளற வேண்டும். மறுபுறம் காய்ந்துகொண்டிருக்கும் நெய்யைக் கரண்டி கரண்டியாக ஊற்ற வேண்டும். ஊற்றுந்தோறும் கலவை பொங்கி நுரைக்கும். அந்த நுரையே ஆறியபின் தேன்கூடு போன்ற கண்களாக நிற்கிறது. தட்டில் கொட்டிய பின்னும் நடுப்பகுதியில் சூடு தங்குவதால் அவ்விடம் சிவந்து, ஓரம் மஞ்சளாக இருக்கும். நம் வீட்டுப் பெண்மணிகள் இதனை நன்கறிவர். தீபாவளிக்கு முன்னாள் மைசூர்ப் பாகு கல்லாகிவிட்ட துயரத்தையும் அறிவர்.

இதில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. அரசருக்கு மட்டும் உரியதாயிருந்த ஒரு பண்டம் தெருவிற்கு வந்து, நாலணா கொடுத்தவர்க்கெல்லாம் உரியதாயிற்று. நம் தமிழ்நாட்டிலோ அஃது எல்லாக் கல்யாணச் சீர்வரிசையிலும் இடம்பெற்று, நம் பண்டமே ஆகிவிட்டது. மைசூர் என்ற பெயரை நாம் இவ்வூருக்கு வருமுன்பே பாட்டியின் சமையற்கட்டில் கேட்டிருக்கிறோம்: மைசூர்ப் பாகு, மைசூர் ரசம், மைசூர் போண்டா. மைசூர்ப் பருப்பு மட்டும் இவ்வூரைச் சேர்ந்ததன்று. வடநாட்டார் 'மசூர்' என வழங்கும் பெயரே நம் நாவில் மைசூர் ஆகிவிட்டது!

உடுப்பியாரும் காப்பியும்

காப்பிச் செடி கன்னட நாட்டில் வேரூன்றியது 17ஆம் நூற்றாண்டில் என்பர். ஏமன் நாட்டிலிருந்து பாபா பூதன் என்னும் பெரியார் ஏழு விதைகளைக் கொண்டு வந்து சிக்மகளூர் மலையில் நட்டார் என்பது மரபுரை. ஆனால் அக்காப்பி சாதாரண மக்களின் காலைப்பானமாக ஆனது 20ஆம் நூற்றாண்டில்தான். தொடக்கத்தில் பெரியவர்கள் அதனைக் கெட்ட பழக்கம் என்று வெறுத்தனர். பின்னர் அதுவின்றிப் பொழுது விடியாது என்றாயிற்று. அக்காலத்தே எழுந்த கடைகளைத் தமிழ்நாட்டில் 'காப்பி கிளப்' என்றே அழைத்தனர்.

இக்கடைகளை நடத்த முன்வந்தோர் பெரும்பாலும் மேற்குக் கடற்கரையின் உடுப்பிப் பகுதியினர். வேலை தேடி ஊர்விட்டு ஊர் சென்றவர்கள் அவர்கள், நம்மைப் போன்றவர்களே. நாம் இருப்புப்பாதையையும் ஆலையையும் தேடி வந்தோம். அவர்கள் கரண்டியைக் கையிலெடுத்தனர். சீதாராம ராவ் என்னும் அத்தகைய ஒருவர் மைசூரில் வளர்த்த தொழிலே காந்தி சதுக்கத்துத் தாஸப்பிரகாஷ் ஆயிற்று. அவரே 1954இல் சென்னைப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பெரிய தாஸப்பிரகாஷை நிறுவினார். சென்னைக் கட்டடம் இன்று இல்லை. ஆயினும் எழும்பூரில் இறங்கி அங்குச் சிற்றுண்டி அருந்திய தலைமுறையினர், அதன் வேர் மைசூரில் இருந்ததை அறிந்திருப்பாரோ என்பது ஐயமே.

சயாஜிராவ் சாலைப் பக்கமும் தன்வந்திரி சாலைப் பக்கமும் இந்திரன் பெயர் தாங்கிய சிற்றுண்டிச் சாலைகளைக் காணலாம். தேவர்கோனின் பெயரைத் தோசைக்கடைக்கு இட்ட துணிவு பாராட்டற்குரியது. நஜராபாத்திலோ 1938 முதல் வினாயக மைலாரி தோசைக்கடை நடந்து வருகிறது. திப்பு எழுப்பத் தொடங்கிய கோட்டையின் பெயரை இன்று வெளியூரார் அறிவது தோசையால்தான் என்றால் மிகையன்று. கூடம் சிறிது, இடம் கிடைக்கக் காத்திருத்தல் வேண்டும். தோசை பஞ்சு போல் மெத்தென்றிருக்கும், மேலே வெண்ணெய், உடன் தேங்காய்ச் சட்டினி. நம்மவர் கேட்கும் சாம்பார் அங்குக் கிடையாது. 'சாம்பார் இல்லாத தோசையா!' என்று முதன்முறை முகம் சுளித்தோர், மூன்றாம் தோசைக்குக் கை நீட்டியதை நாம் கண்டிருக்கிறோம்.

புளியோதரையையும் இங்கே குறிப்பிட வேண்டும். மைசூருக்கு வடக்கே உள்ள மேல்கோட்டையில் 12ஆம் நூற்றாண்டில் இராமானுசர் தங்கியிருந்தார். அவர் வழிநின்று அங்கு வாழ்ந்துவரும் வைணவக் குடும்பங்கள் வீட்டில் தமிழ் கலந்த மொழியைப் பேசுவதை இன்றும் கேட்கலாம். மேல்கோட்டைப் புளியோகரை இந்நாட்டில் பெரும்புகழ் பெற்றது. சிற்றுண்டிச் சாலைப் பலகையில் 'புளியோகரே' என்று கன்னட எழுத்தில் காணும்போது, நமக்கு முன் இவ்வழியே நடந்த தமிழர் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டனர் என்று நினைவு கொள்க.

காப்பியில் 'பை-டூ' என்றொரு கன்னட நாட்டு வழக்கம் உண்டு. ஒரு காப்பிக்குப் பணம் கொடுத்து, இரு டம்ளர்களில் பகிர்ந்து தரச் சொல்லலாம். பரிமாறுபவர் முகம் சுளிப்பதில்லை. மாதக் கடைசியில் இருவர் நட்பை ஒரு காப்பி காக்கும் இவ்வேற்பாட்டைக் கண்டவரைப் போற்ற வேண்டும்! நம் அலுவலகத்தில் பலருடைய முதல் கன்னடச் சொல்லே 'பை-டூ' என்றால், அது கன்னடமன்று என்று சொல்லி யாரும் நம்மைத் திருத்தியதில்லை.

மண்டிப் பக்கத்துப் புலவு

நடுநகரின் வடபால் மண்டி மொஹல்லா. மொத்த வியாபாரமும் வண்டிப் போக்குவரத்தும் மிக்க இடம். மூட்டை சுமப்பவர்க்கும் வண்டி ஓட்டுபவர்க்கும் இரண்டு இட்லி போதுமா? அவர்களுக்கெனக் காலையிலேயே புலவு ஆக்கும் ஹோட்டல்கள் அங்குத் தோன்றின. 1930இல் தொடங்கிய ஹனுமந்து ஹோட்டல் அவற்றுள் புகழ் மிக்கது. ஆட்டிறைச்சிப் புலவு அங்கே சிறப்பு. அனுமனின் பெயரில் இறைச்சிப் புலவா என்று வியப்போர் வியக்கட்டும். நிறுவியவர் பெயர் அது.

கன்னட நாட்டில் இத்தகைய கடைகளை 'மிலிட்டரி ஹோட்டல்' என்பர். நம் நாட்டிலும் அப்பெயர் வழங்கியது. அருகே அசோகா சாலைப் பக்கம் இரம்ஜான் மாதத்து மாலைகளில் நோன்பு திறக்கும் நேரம் தெருவே ஒரு சமையற்கூடமாகிவிடும். முசுலீம் அன்பர்கள் மட்டுமன்றி மற்றையோரும் வந்து சமோசாவும் கபாபும் உண்டு செல்வர். காந்தி சதுக்கத்தருகே ஆந்திர முறைச் சாப்பாடு வாழையிலையில் கிடைக்கும். ஆக, ஒரு கல் தொலைவுக்குள் அரண்மனை மடைப்பள்ளியும், துளுநாடும், மேல்கோட்டையும், ஆந்திரமும், இசுலாமியச் சமையலும் கூடி நிற்கின்றன. இவற்றுள் பெரும்பாலானவை வெளியிலிருந்து வந்தவர் கொணர்ந்தவை. மைசூர்ச் சுவை என்று நாம் சொல்வது வந்தவர்களெல்லாரும் கூடிச் சமைத்த சுவை என்பது கண்கூடு.

யார் அருகில் யார் அமர்ந்தார்?

நிற்க. இதுகாறும் சுவையைப் பேசினோம். இனிச் சொல்வது கசப்பானது. எனினும் சொல்லாது விடின் வரலாறு முழுமை பெறாது.

அரசர் காலத்தில் ஐரோப்பிய விருந்தினர் தங்கி உண்பதற்கெனத் தனி மாளிகைகள் எழுந்தன. மெட்ரோபோல் 1920இல் அதற்கெனவே கட்டப்பட்டது. லலித மகாலுக்கு 1921இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அது 1974இல் ஹோட்டல் ஆயிற்று. அரசரும் வெள்ளைக்காரரும் ஒரே பந்தியில் உண்ணாத காலம் அது. மேலே அவ்வாறிருந்தபோது கீழே எவ்வாறிருந்திருக்கும்?

தென்னாட்டுக் காப்பி கிளப்புகள் பலவற்றில் பிராமணர்க்கு உள்ளறையும் பிறர்க்கு வெளியறையும் இருந்தன. தாழ்த்தப்பட்ட மக்களுக்குப் பல இடங்களில் நுழைவே இல்லை. நாம் ஊழியம் செய்யும் இருப்புப்பாதைத் துறையும் இதற்கு விலக்கன்று. புகைவண்டி நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் தனித்தனி உண்ணுமிடங்கள் இருந்தன. ஒரே வண்டியில், ஒரே வகுப்பில், ஒரே பலகையில் பயணம் செய்தவர்கள் இறங்கியதும் இரு வாயில்களில் பிரிந்து செல்ல வேண்டியிருந்தது. பெரியாரும் அவர்தம் தொண்டர்களும் கிளர்ச்சி செய்ததன் பயனாகத் தென்னிந்திய ரயில்வேயில் 1941இல் அவ்வேற்றுமை நீங்கியது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, கடைகளிலும் பொது உணவு விடுதிகளிலும் சாதி, மதம், பிறந்த இடம் முதலியன காட்டி யாரையும் தடுத்தலாகாது என்றது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. தடுப்பவர்க்குத் தண்டனை உண்டென்றாயிற்று. அதன் பின்னும் 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபே முன்னர், பெயர்ப்பலகையிலிருந்த 'பிராமணாள்' என்னும் சொல்லை நீக்கக் கோரி நாள்தோறும் மறியல் நடந்தது. சட்டம் முதலில் வந்தது. பலகை பின்னரே மாறியது.

நம் குடியிருப்பின் முதியவர் ஒருவர், கலாசியாக வேலையேற்று இளமையில் இப்பக்கம் வந்தவர், கூறியதை ஈண்டு எழுதுகிறோம். ஊரின் பெயரும் கடையின் பெயரும் வேண்டா. வழியில் ஒரு கடையில் அவருக்குத் தேநீர் தந்தனர். ஆனால் வெளியே நிற்க வைத்து, கூரையோரம் செருகியிருந்த வேறு குவளையில் தந்தனர். குடித்தபின் அவரே கழுவி அங்கேயே செருக வேண்டும். மைசூருக்கு வந்த பின், மார்க்கெட் பக்கத்துக் கடையொன்றில் தயங்கி வெளியே நின்றபோது, பரிமாறுபவன் 'உள்ளே வந்து உட்காருங்கள், பலகை காலியாக இருக்கிறது' என்று கன்னடத்தில் அழைத்தானாம். அவருக்கு அப்போது கன்னடம் தெரியாது. ஆனால் அச்சொல் விளங்கிற்று. 'அன்றைக்கு நான் என்ன தின்றேன் என்பது மறந்துபோயிற்று தம்பி. உட்கார்ந்தது மறக்கவில்லை' என்றார்.

அவர் சொன்னதினும் சிறந்த வரலாறு நமக்குத் தெரியாது. அரசியலமைப்பின் 15ஆம் பிரிவை அவர் படித்தவரல்லர். அப்பிரிவின் பொருளை ஒரு மரப்பலகையில் அமர்ந்து அறிந்தார்.

பெண்மக்கள் நிலையும் இதனோடு சேர்த்துக் கருதத்தக்கது. குடும்பப் பெண்டிர் ஹோட்டலில் அமர்ந்து உண்பது குறைவு என்று கருதப்பட்ட காலம் இருந்தது. பின்னர்த் திரையிட்ட 'பேமிலி ரூம்' வந்தது. இன்று நம் சகோதரிகள் அலுவலகம் முடிந்து தாமாகவே சென்று, திரையின்றி, நான்கு பேர் நடுவில் காப்பி அருந்துகின்றனர். இதுவும் சிறிய மாறுதலன்று.

பலகைக்கு வந்துள்ள இடர்

இத்தகைய பழைய இடங்கள் எளிய மக்களுக்கு என்ன பொருள் தருகின்றன என்பதற்கு நெடுந்தொலைவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு கூறுவோம். கொரியா நாட்டின் தலைநகர் சியோலின் நடுவே சோங்னோ என்றொரு பெருந்தெரு உண்டு. முடியாட்சிக் காலத்தில் உயர்ந்த அலுவலர் அத்தெருவில் குதிரையேறி வரும்போதெல்லாம் எளிய மக்கள் நின்று பணிந்தாக வேண்டும். அத்தொல்லையைத் தவிர்க்க அவர்கள் பெருந்தெருவை ஒட்டிய குறுகிய சந்தில் நடக்கலாயினர். அதற்குப் 'பிமாத்கோல்', அதாவது குதிரைக்கு ஒதுங்கும் சந்து, என்று பெயர். நடப்பவர் மிகவே, அங்கே மலிவான ஊண்கடைகள் தோன்றின. சுட்ட மீனும், சூடான சாறும், பயற்றை அரைத்துச் சுட்ட அடையும் அங்குக் கிடைத்தன. குதிரையேறிய அலுவலர் மறைந்தனர், அரசும் மறைந்தது, சந்தும் அடையும் நிலைத்தன. ஆனால் 2000க்குப் பின் வானளாவிய கட்டடங்களுக்காக அச்சந்தின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. கடைகள் சில புதிய கட்டடங்களுக்குள் இடம்பெற்றன. பெயர்ப்பலகை உண்டு, பழைய சந்து இல்லை.

நம் மைசூரிலும் இவ்விடர் வாயிலில் நிற்கிறது. சின்னக் கடிகாரக் கோபுரத்தருகே உள்ள லேன்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி 2012இல் இடிந்து விழுந்து நால்வர் உயிரிழந்தனர். 2016இல் தேவராஜ மார்க்கெட்டின் வடவாயிற் பகுதி சரிந்தது. இடித்துப் புதிதாகக் கட்டுவதா, பழுதுபார்த்துக் காப்பதா என்ற வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. உயிருக்கு ஊறு செய்யும் சுவரைக் காக்க வேண்டும் என்று அறிவுடையோர் சொல்லார். ஆனால் நெடுங்காலம் பழுதுபார்க்காமல் விட்டுவிட்டுப் பின்னர்ச் சுவர் மீது பழி போடுவதும் நேர்மையன்று. மல்லிகையும், நஞ்சன்கூடு ரசபாளை வாழையும், மைசூர் வெற்றிலையும் குவிந்து கிடக்கும் அந்த அங்காடி போய்விட்டால், அதனை ஒட்டி வாழும் சிறு கடைகளும், அக்கடைகளின் பலகைகளும் போய்விடும். குளிரூட்டிய பெருங்கடையில் உணவு கிடைக்கும். வெளியே தயங்கி நிற்கும் கலாசியை உள்ளே அழைக்கும் குரல் கிடைக்குமா?

குடும்பத்தாருக்கு ஒரு விண்ணப்பம்

ஆதலின் அன்பர்களே, ஓய்வு நாளொன்றில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நடந்தே செல்லுங்கள். காலையில் நஜராபாத்தில் தோசையுண்டு, அரண்மனை மதிலோரமாக நடந்து பெரிய கடிகாரத்தை அடையுங்கள். கன்னட எண்களைப் பிள்ளைகள் படிக்கட்டும்; பள்ளியில் கற்றது பயன்படட்டும். ரங்காசார்லு மண்டபத்தைக் காட்டி அவர் யார் என்று சொல்லுங்கள். மார்க்கெட்டில் வெற்றிலையும் பூவும் வாங்குங்கள். சயாஜிராவ் சாலையில் மைசூர்ப் பாகு கால் கிலோ போதும், சூடாயிருக்கும்போதே பகிர்ந்துண்ணுங்கள். புலால் உண்போர் மற்றொரு நாள் காலையில் மண்டிப் பக்கம் செல்லலாம். உண்ணாதோர் உண்போரை இகழ வேண்டா. உண்போர் உண்ணாதோரை நகையாட வேண்டா.

பரிமாறுபவரிடம் கன்னடத்தில் கேளுங்கள். பிழையாகப் பேசினாலும் அவர் மகிழ்வார். ஆங்கிலத்தில் நாவல்கள் எழுதி உலகப் புகழ் பெற்ற தமிழர் ஆர். கே. நாராயண் நம் யாதவகிரியில் வீடு கட்டி வாழ்ந்தவர். அவர் படைத்த மால்குடி என்னும் கற்பனை ஊரிலும், பெயர்ப்பலகையே இல்லாத ஓர் ஊண்கடையில்தான் ஊர் நடப்பெல்லாம் பேசப்படுகிறது. ஊர் என்பது எங்கே கூடுகிறது என்பதை அவர் அறிந்திருந்தார்.

காவிரி நீர் பற்றிய பூசல் எழுந்த ஆண்டுகளில் நம் குடும்பங்கள் அஞ்சிக் கதவடைத்து இருந்த நாட்கள் உண்டு. அந்நாட்களிலும் மறுவாரமே கடை திறந்தபோது, நாள்தோறும் காப்பி தரும் கன்னட அன்பர் 'ஏன் நான்கு நாளாகக் காணோம்?' என்றுதான் கேட்டார், வேறொன்றும் கேட்கவில்லை. ஒரே பலகையில் பல ஆண்டுகள் அமர்ந்து உண்டதன் பயன் அது. வீட்டில் தமிழைக் காப்போம். தெருவில் கன்னடத்தை மதிப்போம். பலகையில் யார் வந்தாலும் நகர்ந்து இடம் கொடுப்போம். நமக்கு ஒருநாள் அவ்வாறு இடம் கொடுத்தார்கள் அல்லவா?

வாழ்க தமிழ்! வளர்க கன்னடம்! ஓங்குக நம் சங்கம்!